மங்கும் குரலை விழுங்கும் ரேடியோ: ஐந்து வருடம் வைத்திருந்தவனின் அனுபவம்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நீங்க வச்சிருக்கீங்கள்ல, அந்த ஷார்ட்வேவ் ரேடியோ, வெலை நல்லா எறங்கியிருக்கு. வாங்கிரவா?" அந்த நேரம் பார்த்து ரேடியோ என்னிடம் இல்லை. சார்ஜர் சொருகும் துளை ஆட்டம் கண்டு, மாயவரம் கடைத்தெருவில் ஈயம் வைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கு என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க, எழுதி அனுப்புறேன்" என்றேன். அவருக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது.

மாடலின் பெயர் வேண்டாம். சிக்னலை எண்களாக்கிக் கையாளும் டி.எஸ்.பி. சிப் வைத்த, ஒரு கைக்குள் அடங்கும் சீனத் தயாரிப்பு. குரல் மங்கும்போது அதை விழுங்கிவிடும் குணம் அந்த வகை செட்டுகள் பலவற்றில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பாவின் பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் இருந்தது. இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. அதற்கு ஐந்து நிமிடம் முன்பே முள்ளைத் திருப்பித் திருப்பி இடம் பிடித்து வைத்துவிடுவார். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு தமிழோசை சிற்றலையில் (ஷார்ட்வேவில்) நின்றது. அதற்குப் பிறகு எதற்கு இன்னொரு ரேடியோ என்று வீட்டில் எல்லாருமே கேட்டார்கள். சீனாவிலிருந்து தமிழ் வருகிறது, ஜப்பான், ருமேனியா, நியூசிலாந்து எல்லாம் கேட்கிறது. எனக்கு அது போதும். பிலிப்ஸின் டயல் நூல் அறுந்து, போட ஆள் கிடைக்காமல் போனபோது, 2019 டிசம்பரில் இந்தப் புது செட்டை வாங்கினேன்.

முதல் வாரம் மனசு நிறைந்துவிட்டது. பிலிப்ஸில் 31 மீட்டர் பேண்ட் (சிற்றலையில் ஸ்டேஷன்கள் கூடியிருக்கும் பகுதிகளில் ஒன்று) முழுவதும் ஒரு விரற்கடை அகலம்தான். எந்த ஸ்டேஷனில் நிற்கிறோம் என்பது குத்துமதிப்பு. இதில் 9700 (கிலோஹெர்ட்ஸ்) என்று அடித்தால் 9700இல் நிற்கிறது. அதைவிடப் பிடித்தது அதன் அமைதி. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே பழைய ரேடியோ போடும் 'சோ' என்ற இரைச்சலே கிடையாது. எவ்வளவு சுத்தமான செட் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொன்னது தவறு. அந்த அமைதிதான் இந்த ரேடியோவின் பெரிய குறை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மண்டலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் குரல் சில நொடிக்கு ஒருமுறை மேலே வரும், கீழே போகும். பழைய செட்டில் குரல் தாழும்போது இரைச்சல் ஏறும். இரைச்சலுக்கு அடியில் குரல் கிடக்கும், காது அதைத் தோண்டி எடுத்துவிடும். வாக்கியத்தின் இரண்டு சொல் கிடைத்தால் மூன்றாவதை நாமே சேர்த்துக்கொள்வோம். என் செட்டில் 'சாஃப்ட் மியூட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால், சிப் தானாகவே ஒலியைக் குறைத்துவிடும். இரைச்சலையும் குறைக்கும், அதற்குள் இருக்கும் குரலையும் சேர்த்துக் குறைக்கும். நிறுத்தப் பொத்தானும் கிடையாது, மெனுவும் கிடையாது. இதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று என் காதுக்குப் பதிலாக அந்தச் சிப் தீர்மானிக்கிறது. என்னால் இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ரேடியோ நியூசிலாந்து பசிபிக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்: நிகழ்ச்சி தொடங்கும் முன் 'பெல்பேர்ட்' என்ற அந்த ஊர்ப் பறவையின் கூவல் வரும். நம் பக்கம் குறிவைத்து அனுப்பும் ஒலிபரப்பு இல்லை. தீவுகளுக்குப் போவது வழிதவறி மாயவரத்துக்கும் கொஞ்சம் வருகிறது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியோடு சிற்றலையை மூடி, கூக்கபரா சிரிப்பு போன பிறகு, அந்தத் திசையிலிருந்து எனக்கு மிஞ்சிய பறவை இது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் கச்சிதமாகப் பிடித்து வைத்திருந்தேன். முதல் கூவல் வந்தது. இரண்டாவது கூவலின் பாதியில் செட் வாயை மூடிக்கொண்டது. பிறகு செய்தி வாசிப்பவர் குரல்தான். அன்றைக்கு அதைத் தூக்கி எறியாதது ஏரியல் உடைந்துவிடுமே என்ற பயத்தால்.

தபால் துறையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் சோனி ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர். இருக்கிறது. உற்பத்தி எப்போதோ நின்றுபோன மாடல். மொட்டை மாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஸ்டேஷனில் விட்டு, இரண்டு ஏரியலையும் கண்ணி கண்ணியாக உள்ளே தள்ளினோம். சோனியில் குரல் மெல்ல இரைச்சலுக்குள் இறங்கியது. கடைசிக் கண்ணி வரை அது பெண் குரல் என்று தெரிந்தது. என் செட்டில் பாதிக் கண்ணியிலேயே குரலும் இல்லை, இரைச்சலும் இல்லை. வாங்குகிறவர்கள் இந்தச் சோதனை ஒன்றைச் செய்தால் போதும். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு 'சத்தமே இல்லை, அருமை' என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். நானும் முதல் வாரம் அதைத்தான் சொன்னேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். நான் வாங்கிய 2019 டிசம்பர், சூரியப் புள்ளிகள் அடிமட்டத்தில் இருந்த மாதம். 25ஆம் சூரியச் சுழற்சியே அப்போதுதான் தொடங்கியது. புள்ளிகள் குறைந்தால் அயனி மண்டலமும் வலுவிழக்கும்; அதனால் அதிர்வெண் கூடிய மேல் பேண்டுகள் செத்துக் கிடந்தன. 2024இல் புள்ளிகள் ஏறியபோது, பகலில் அந்த மேல் பேண்டுகளில் ஒன்றான 13 மீட்டரில்கூட ஸ்டேஷன்கள் முழங்கின. சிக்னல் பலமாக இருந்தால் மியூட்டுக்கு வேலையே இல்லை. அதே வருடம் மே 11 காலையில் பேண்ட் முழுக்க வெறிச்சோடிக் கிடக்க, செட் போய்விட்டது என்று பேட்டரியைக் கழற்றி மாட்டி, திட்டித் தீர்த்தேன். இருபது வருடத்தில் காணாத சூரியப் புயல் அது. அந்தத் திட்டு செட்டுக்குச் சேர வேண்டியதில்லை.

வீட்டிலும் குற்றம் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், வாசல் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும்தான் அதிகம் கரகரத்தன. பல்பை மாற்றினேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரை பத்து மீட்டர் ஒயர் இழுத்து, முதலைக் கிளிப்பால் ஏரியலில் கடித்துவிட்டேன். பாதித் தொல்லை குறைந்தது. (ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் முதலில் அந்தக் கிளிப்பைக் கழற்றுங்கள். இடி செட்டையும் பார்க்காது, ஆளையும் பார்க்காது.) ஆனால் ராத்திரி 41 மீட்டரில் அந்த ஒயரே வினை; பெரிய ஸ்டேஷன்கள் வேண்டாத இடத்திலெல்லாம் தலைகாட்டுகின்றன.

மீதித் தொல்லைக்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. மும்பையிலிருந்து 6676 கிலோஹெர்ட்ஸில் விமானிகளுக்கு விமான நிலைய வானிலை வாசிப்பார்கள். அது எஸ்.எஸ்.பி. முறை: குரலைச் சுமந்து வரும் சுமப்பலையை விட்டுவிட்டு, குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். அதைக் கேட்க எஸ்.எஸ்.பி. பொத்தானை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்துக் கத்துவதுபோல் இருக்கும். ஒருநாள் அந்தப் பொத்தானை அணைக்காமலே நியூசிலாந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். சீழ்க்கை கேட்டது. பத்து ஹெர்ட்ஸ் பத்து ஹெர்ட்ஸாகத் திருப்ப, சீழ்க்கை இறங்கி, உறுமலாகி, நின்றது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போலத்தான். சேர்ந்ததும் குரல் வந்தது. அது தாழும்போது இரைச்சலும் கூடவே வந்தது! என் செட்டில் எஸ்.எஸ்.பி.யில் மியூட் வேலை செய்வதில்லை. இன்னொரு லாபம், ஸ்டேஷனின் சுமப்பலை மட்டும் மங்கும்போது வழக்கமாகக் குரல் கிழியும். இங்கே செட் தன் சொந்தச் சுமப்பலையைப் போட்டுக்கொள்வதால் அந்தக் கிழிசலும் இல்லை. பாட்டு கொஞ்சம் மொத்தையாகக் கேட்கும். பேச்சுக்குக் குறையில்லை. அந்தப் பறவையை முழுசாகக் கேட்டது அப்படித்தான். நான்கு வருடம் கழித்து.

மற்றபடி பேட்டரி இன்றுவரை முதலில் வந்த அதே லித்தியம் செல். அலாரம் ஒருநாளும் தவறியதில்லை. எஃப்.எம்.மில் காரைக்கால் கண்ணாடி மாதிரி விழுகிறது. கடைக்காரரும் நேற்று செட்டைத் தந்துவிட்டார், துளை இப்போது கெட்டியாக இருக்கிறது.

ஆக, தம்பி, வாங்காதீங்க. இத்தனை நல்லது எழுதியும் அதைத்தான் சொல்லுவேன். விலை இன்னும் பாதி இறங்கினாலும் இதே பதில்தான். மியூட்டை நிறுத்த வழியுள்ள செட்டாகவோ, சோனி மாதிரி, சிக்னலை இரண்டு முறை அதிர்வெண் மாற்றிப் பிரித்தெடுக்கும் 'இரட்டை மாற்ற சூப்பர்ஹெட்' பழைய செட்டாகவோ பார்ப்போம். செகண்ட் ஹேண்ட் என்றாலும் பரவாயில்லை. மார்ச் கடைசி ஞாயிறு ஸ்டேஷன்களெல்லாம் அலைவரிசை மாற்றுவார்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிக்கு வந்துவிடுங்கள். சோனியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டிலும் உங்கள் காதாலேயே கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.