பழைய செவர்லே 350 படகு எஞ்சினுக்கு எந்தப் பிளாக்?

அமெரிக்க ஏரிகளில் ஓடும் பழைய பெட்ரோல் படகுகளின் எஞ்சின் மூடியைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுவது ஜெனரல் மோட்டார்ஸின் ‘ஸ்மால் பிளாக்’ வி-8 தான். மேலே மெர்க்ரூசர் என்றோ வால்வோ பென்டா என்றோ ஸ்டிக்கர் இருக்கும். பல மாடல்களில் அடியில் இருப்பது செவர்லே கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் ஓடிய அதே எஞ்சின். 1955-ல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் இது. 1967-ல் 350 வந்தது: 5.7 லிட்டர், 4 அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). அதனால் காயலான் கடைகளில் பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பாதி போல்ட் ஏறும், மீதி ஏறாது.

1970களின் கடைசியில் வந்த ஒரு ஸ்டெர்ன் டிரைவ் படகை (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பக்கம் வெளியே) எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்கவில்லை, உள்ளே உறைந்து பிளாக் விரிசல் விட்டுவிட்டது. மேனிஃபோல்ட், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வேறு பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள வார்ப்பு உடல், வேண்டும். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, 1985 வரை வந்த அதே தலைமுறை பிளாக். பழைய ஃபிளைவீல், இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் மேனிஃபோல்ட்), வால்வ் கவர் எல்லாம் அப்படியே ஏறும். மூளைக்கு வேலை குறைவு. ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறலாம். கிராங்க் என்பது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு; அது பிளாக்கில் உட்காரும் இடம் மெயின் ஜர்னல். 1968-க்கு முந்தைய பிளாக்குகள் பெரும்பாலானவற்றில் அது 2.30 அங்குலம், 350-ல் 2.45, உங்கள் கிராங்க் உட்காராது. இரண்டாவது ஏமாற்று 305. வெளியே பார்த்தால் 350-க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது, ஸ்ட்ரோக்கும் அதே 3.48. போர் மட்டும் 3.736 அங்குலம். ‘350’ என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். பிளாக்கின் பின்பக்கம், ஃபிளைவீல் பக்க விளிம்பில் வார்த்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இந்தத் தலைமுறை பிளாக்குகளில் பல ஏற்கெனவே ஓரிரு முறை போரிங் போட்டவை (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியவை) என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுப்பதற்கு முன் லேத் பட்டறையில் அளந்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, 1986 முதல் 1995 வரையிலான பிளாக். கையைச் சுடுவது பெரும்பாலும் இந்த வழிதான். 1986-ல் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியது. ஒழுகல் குறைந்தது; அது உண்மையான முன்னேற்றம். கூடவே கிராங்கின் பின்பக்கம் ஃபிளைவீல் மாட்டும் ஃபிளேஞ்சும் மாறிவிட்டது. ஃபிளைவீல் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. பழைய கிராங்க் ஃபிளேஞ்சில் இருந்த சமநிலை எடை ஃபிளைவீலுக்குப் போய்விட்டது. ஆகவே பழைய ஃபிளைவீல் இதில் ஏறாது. துளையை மாற்றி எப்படியோ ஏற்றினாலும் எஞ்சின் ஆட்டம் காணும். அந்த ஆட்டம் நேராக, எஞ்சினை டிரைவோடு இணைக்கும் கப்ளர் ரப்பரையும் டிரைவின் உள் ஷாஃப்ட்டையும் தின்னும். ஆயில் பேனும் அதன் பின் முனையில் வேறு. பழைய பேன் உட்காராது.

பழைய கிராங்கைப் புது பிளாக்கில் போட ஒரு அடாப்டர் கிடைக்கிறது. பழைய ஃபிளைவீலைக் காப்பாற்ற அது ஒரு வழிதான், ஆனால் ஒழுக இன்னொரு மூட்டைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிராங்க், ஃபிளைவீல், சீல் ஹவுசிங், ஆயில் பேன் நான்கையும் ஒரே எஞ்சினிலிருந்து மொத்தமாக வாங்குங்கள். தனித்தனியாகப் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் பேலன்ஸ் பார்க்கும் இடத்தில் போய்விடும். ஃபிளைவீலின் பல்லையும் எண்ணிப் பாருங்கள். 168 பல் ஒன்று, 153 பல் ஒன்று என்று இரண்டு அளவு உண்டு. ஸ்டார்ட்டர் போல்ட் இருக்கும் இடமும் அதற்கேற்ப மாறும்.

எஞ்சினின் மேல்பாதியில், அதாவது சிலிண்டர்களை மூடும் ஹெட்டில், 1987-ல் இன்னொரு மாற்றம். வால்வ் கவர் போல்ட் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போனது, இன்டேக் மேனிஃபோல்டின் நடு போல்ட்டுகளின் சாய்வும் மாறியது. உங்கள் பழைய மரைன் இன்டேக்கை அந்த ஹெட்டில் வைத்தால் நான்கு மூலையும் அழகாக இறுகும், நடுப் போல்ட் மட்டும் கோணலாக நிற்கும். துளையை ராவிச் சரிசெய்பவர்கள் உண்டு. அதைவிட, கீழ்ப்பாதியைப் புதிதாகவும் ஹெட்டைப் பழையதாகவும் வைத்துக்கொள்வது எளிது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே போல்ட் அமைப்பு மாறவில்லை. வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்களை மட்டும் கலக்காதீர்கள். 1987-க்குப் பிந்தையவை தாமாகவே வால்வ் நுனியில் நேராக நிற்கும் வகை. பழைய ராக்கரைப் புது ஹெட்டில் போட்டால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, பக்கவாட்டில் நழுவும்.

மூன்றாவது, 1996-ல் வந்த வோர்டெக் என்ற புது ஹெட்டோடு கூடிய எஞ்சின். மூச்சுவிடுவதில் பழைய ஹெட்டுகள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. மெர்க்ரூசரே பிறகு இதற்குத்தான் மாறியது. ஆனால் இன்டேக்குக்குப் பழைய 12 போல்ட்டுக்குப் பதில் 8 போல்ட், அதுவும் செங்குத்தாக. எனவே வோர்டெக்குக்கென்றே வார்த்த மரைன் இன்டேக் கட்டாயம். ஹெட்டை மட்டும் வாங்கிப் பழைய பிளாக்கில் மாட்டலாம் என்றால், எரிப்பறை 76-லிருந்து 64 சி.சி. ஆகக் குறையும், கம்ப்ரஷன் விகிதம் கிட்டத்தட்ட ஒரு புள்ளி ஏறும். காரில் அது கொண்டாட்டம். படகு எஞ்சினோ மேட்டில் லாரி ஏறுவதுபோல மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுவது; நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் எஞ்சின் சத்தத்தில் காதில் விழக்கூட விழாது, பிஸ்டன் உடைந்த பிறகுதான் தெரியும். பிஸ்டன் வகையைப் பார்த்து, தீப்பொறி டைமிங்கைக் குறைத்து வைத்தால் சமாளிக்கலாம். அப்புறம் எரிபொருள் பம்ப். பிந்தைய பிளாக்குகள் பலவற்றில் மெக்கானிக்கல் பம்புக்கான இடம் வார்ப்பில் இருக்கும், துளை இருக்காது. மின் பம்ப் போட்டால், ஆயில் பிரஷர் விழுந்தவுடன் பம்பை நிறுத்தும் ஸ்விட்சையும் சேர்த்துப் போட வேண்டும்.

நான்காவது வழி பட்டறைப் பையன்களுக்குப் பிடித்த 383 கன அங்குல எஞ்சின். 400 எஞ்சினின் 3.75 அங்குல கிராங்கை எடுத்து, அதன் 2.65 அங்குல மெயின் ஜர்னலை 2.45-க்குக் கடைந்து, 0.030 அங்குலம் போரிங் போட்ட 350 பிளாக்கில் இறக்குவது. பொருந்தாததைப் பொருத்துவதில் இது உச்சம். ராட் போல்ட் இடிக்காமல் பிளாக்கின் அடியைத் தேய்க்க வேண்டும். 400 கிராங்க் வெளி எடையால் சமநிலைப்படுவது என்பதால் அதற்குரிய டாம்பரும் (கிராங்கின் முன்முனைச் சக்கரம்) ஃபிளைவீலும் வேண்டும். இழுவை கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இழுவையை உங்கள் டிரைவ் தாங்குமா, புரொப்பெல்லர் பிட்ச் (இறக்கைகளின் சாய்வு) சரியா என்று அடுத்தடுத்துச் செலவு. குடும்பத்தோடு ஏரியில் சுற்றுபவருக்கு இது தேவையில்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டைக் காரிலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வால்வ் ஓவர்லாப் (இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம், ஐடிலில் புகைபோக்கி வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். படகில் எக்ஸாஸ்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது என்பதைக் கார்க்காரர்கள் மறந்துவிடுவார்கள்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: கீழ்ப்பாதி முழுசாக 1986-க்குப் பிந்தையது, மேலே உங்கள் பழைய மரைன் ஹெட்டும் இன்டேக்கும். நேர்த்தியான பழைய பிளாக் கையில் கிடைத்தால் மட்டும் முதல் வழி.

எந்த வழியில் போனாலும் காரிலிருந்து எடுக்கக்கூடாதவை சில உண்டு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப். படகுக்கென்றே செய்த மரைன் வகையில் தீப்பொறி வெளியே வராது, பெட்ரோலும் வெளியே சிந்தாது. அமெரிக்கச் சட்டமும் பெட்ரோல் படகில் இதைக் கேட்கிறது. காரில் ஆவி காற்றோடு போய்விடும், படகின் அடித்தட்டில் அது தேங்கி நிற்கும். நம்மூர் விசைப்படகுகளில் லாரி எஞ்சின் ஓடவில்லையா என்று கேட்கலாம். அவை டீசல், டீசல் ஆவி அப்படிப் பற்றாது. பிளாக்கின் கோர் பிளக்குகளை (வார்ப்புத் துளைகளின் மூடிகள்) பித்தளையாகவும் ஹெட் கேஸ்கெட்டைத் துருப்பிடிக்காத வளையம் உள்ளதாகவும் மாற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை.

இரட்டை எஞ்சின் வைத்த பழைய இன்போர்டு படகென்றால் (வெளி டிரைவ் இல்லாமல் நேர் ஷாஃப்ட்டில் ஓடுவது), வாங்குவதற்கு முன்பே இரண்டும் ஒரே திசையில் சுழல்கின்றனவா என்று பாருங்கள். பலவற்றில் ஒன்று எதிர்த்திசையில் சுழலும். அதன் கேம், பின் சீல், ஸ்டார்ட்டர் எல்லாமே வேறு. கார் பிளாக்கை இறக்கினாலும் இவற்றைத் தனியாகத் தேடியாக வேண்டும்.