வன்னியில் பறவை நோக்கர் கழகத்தில் சேரலாமா? ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

வன்னியில் வாழ்பவர் பறவை பார்ப்பதற்காகச் சந்தா கட்டத் தேவையில்லை. குளக்கட்டில் ஏறி நின்றால் நீர்க்காகமும் கூழைக்கடாவும் கண்ணுக்குத் தெரியும். பருவம் வாய்த்தால், மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை பஸ்ஸில் கடக்கும்போதே பூநாரைக் கூட்டத்தை யன்னல் வழியாகக் காணலாம். அப்படியிருக்க, வடக்கில் இயங்கும் பிராந்தியப் பறவை நோக்கர் கழகம் ஒன்றில் சேர்ந்து எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு, பறவைகளை எண்ணவும் எண்ணியதைப் பிறர் பயன்படுத்தும் விதத்தில் எழுதிவைக்கவும் கற்றுக்கொண்டேன் என்பதே எனது பதில். கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சம்பளம் பெறாத ஒரு சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் அமைப்பு அது. குறைகளைச் சொல்லும்போது பெயரையும் சேர்த்துச் சொன்னால் பழி அந்த ஒரு சிலர் மீதே விழும்.

சேர்வது எளிது. விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, ஆண்டுச் சந்தா, அதற்கொரு பற்றுச்சீட்டு, அவ்வளவே. மாணவர்களுக்குச் சந்தா குறைவு. உறுப்பினர் அட்டை வந்து சேரச் சற்றுக் காலம் எடுக்கும். ஆனால் வட்ஸ்அப் குழுவில் அன்றே சேர்த்துவிடுவார்கள். அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் மங்கலான பறவைப் படங்களுக்கும் பஞ்சமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பைனாக்குலர் இல்லாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம், வெளிக்கள நாள்களில் இரவல் தருகிறார்கள். சொந்தமாக வாங்க விரும்புவோருக்கு எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீற்றர் வில்லையும் உடையதையே அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பத்து மடங்குக் கருவியில் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்ற காரணம் எனக்கும் சரியாகவே பட்டது.

மாதாந்தச் சுற்றுலாக்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மடு வீதிக் காட்டோரம், கொக்கிளாய், சுண்டிக்குளம் என்று இடங்கள் நல்லவைதாம், ஒழுங்கும் பரவாயில்லை. தெற்கிலிருந்து வரும் விருந்தினர்கள் கௌதாரியையும் இரட்டைவால் கரிக்குருவியையும் கண்டவுடன் வாகனத்தை நிறுத்தச் சொல்வதைப் பார்ப்பது மட்டும் எனக்கு ஒவ்வொரு முறையும் வேடிக்கையாகவே இருக்கிறது. நமது வேலிக் கம்பியில் தினமும் உட்காரும் அந்தக் கரிக்குருவியை இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோரம் தவிர்ந்த இடங்களில் காண்பது அரிது என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

கழகத்தின் உண்மையான பெறுமதி தை மாதத்தில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் பல நாடுகளில் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைக் கொண்டே நடத்தப்பட்டு வருகிறது. வங்காலைச் சேற்று நிலத்தில் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் நீலச்சிறகிகளும் ஆயிரக்கணக்கில் கலந்து மிதக்க, அவற்றுக்கு முன்னால் உள்ளான் வகைகள் நிலைகொள்ளாமல் ஓடித் திரியும்போது, இதை எவ்வாறு எண்ணுவது என்று புதியவர் மலைத்துப்போவார். இதற்கு அவர்கள் தரும் பயிற்சி மிகவும் தெளிவானது. முதலில் கூட்டத்தின் ஒரு மூலையில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவை நூறாக விரித்து, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த அளவுகோலை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நெல்லை மரைக்காலால் அளப்பது போன்ற வேலை இது. இருவர் ஒரே கூட்டத்தைத் தனித்தனியே எண்ணி, எழுதி முடிக்கும்வரை ஒருவர் தொகையை மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இரு தொகைகளும் பெரிதும் விலகினால் மீண்டும் எண்ண வேண்டும்.

நிற்கும் இடத்தையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பாகவே தெரியும். நீர் வற்றிய சேற்றில் பரந்து இரைதேடும் பறவைகள் நீர் ஏறும்போது மேட்டுத் திட்டில் ஒதுங்கும் என்பதால், அந்த வேளையே எண்ணுவதற்கு உகந்தது. பருந்து ஒன்று மேலே வந்துவிட்டால் முழுக் கூட்டமும் எழுந்து இடம் மாறிவிடும். அப்போது மாறிப்போன இடத்தில் நிற்கும் அடுத்த குழுவுக்கு உடனே தொலைபேசியில் அறிவிக்காவிட்டால் ஒரே பறவைகள் இரண்டு படிவங்களில் ஏறும். இனம் தெரியாததை ஊகித்து எழுதுவதைவிட, இனங்காணப்படாத உள்ளான் என்று எழுதுவதற்கே அங்கு மதிப்பு. ஒரு பறவையும் இல்லாத குளத்துக்கும் படிவம் நிரப்பிப் பூச்சியம் இட வேண்டும் என்பது புதியவர்களுக்கு வினோதமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பூச்சியம் இல்லையென்றால், அடுத்த ஆண்டு அங்கே பறவை வந்ததா அல்லது ஆள் வந்தாரா என்று பிரித்தறிய வழியில்லை.

இந்த எண்களுக்குச் சட்டத்தின் வாசலில் நிற்கும் வலு உண்டு. ஈரநிலங்களைப் பாதுகாக்க 1971 இல் உருவான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று, ஓர் ஈரநிலம் வழமையாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்குகிறதா என்பது. மற்றொன்று, ஓர் இனத்தின் குறிப்பிட்ட குடித்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை வழமையாகத் தாங்குகிறதா என்பது. வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே முறையில் எண்ணிய ஏடுகள் இல்லாவிட்டால் இத்தகைய அளவுகோல்களுக்கு யாராலும் விடையளிக்க முடியாது. அழகான நிழற்படங்களை எத்தனை சமர்ப்பித்தாலும் அவை அந்த இடத்தை நிரப்பா.

இனி எனக்குள்ள முதன்மையான மனக்குறை. தை மாதக் கணக்கெடுப்பு வட துருவத்தை அண்டிய நாடுகளிலிருந்து வரும் வலசைப் பறவைகளை மனத்தில் வைத்துக் குறிக்கப்பட்ட காலம். கரையோரத்துக்கு அது பொருந்தும். உள்நாட்டுக் குளங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மாரி நன்றாகப் பெய்த ஆண்டில் தை மாதத்தில் கட்டுக்கரைக் குளமும் இரணைமடுவும் நிறைந்து, சில வேளைகளில் வான் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த ஆழத்தில் காலால் நடந்து இரைதேடும் நாரைக்கு என்ன வேலை? அவை வயல்களுக்கும் தரவைகளுக்கும் சிதறிப்போயிருக்கும். ஆடி, ஆவணியில் நீர் வற்றி, அலைகரை வெளித்து, எஞ்சிய நீரில் மீன் நெருங்கும்போதுதான் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி, கரண்டிவாயன் எல்லாம் ஓரிடத்தில் திரளும். கமக்காரருக்கும் நன்னீர் மீன்பிடிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த விடயம். கழகத்தின் ஏட்டிலோ அந்த மாதங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. குளங்களுக்கென்று சிறுபோகக் காலத்தில் இரண்டாவது கணக்கெடுப்பு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையைப் பொதுக்கூட்டத்தில் முன்வைத்தோம். ஆளில்லை என்ற பதில் கிடைத்தது. பதில் உண்மைதான், ஆனால் ஆளைத் தேடிய அடையாளமும் இல்லை. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கமக்காரர் அமைப்பு இருக்கிறது. நீர்மட்டத்தைத் தினமும் பார்ப்பவர்களும் துருசைத் திறந்து மூடுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குப் படிவம் நிரப்பப் பழக்கினாலே போதும்.

கமக்காரருடனான உறவு வளராததற்கு மயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குளக்கட்டில் எங்களைக் கண்ட வயோதிபக் கமக்காரர் ஒருவர், “தம்பி, குருவியை எண்ணிறது நல்லது; மயில் திண்ட நெல்லை ஆர் எண்ணிறது?” என்று கேட்டார். எங்கள் குழுவில் யாரிடமும் ஒழுங்கான விடை இருக்கவில்லை. 2025 மார்ச் 15 அன்று, பயிரை அழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஐந்து நிமிடங்களுக்குள் எண்ணும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டபோது மயிலும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஐந்து நிமிடக் கணக்கின் குறைகளைக் கழகத்தினர் சரியாகவே விளக்கினார்கள். எனினும் அதைவிடச் சிறந்த கணக்கு ஒன்றை, தங்களுக்குத் தெரிந்த முறையில், ஒரு கிராமத்திலாவது செய்து காட்டியிருந்தால் அந்த ஐயாவின் கேள்விக்கு அது பாதி விடையாகவேனும் இருந்திருக்கும்.

காற்றாலை விடயத்தில் கழகத்தின் நிதானம் எனக்குப் பிடித்தது. மன்னார்த் தீவில் 100 மெகாவாற் கொள்ளளவுள்ள தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 இன் இறுதியில் திறக்கப்பட்டது முதல், புதிய கோபுரங்களைப் பற்றிய ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பக்கத்திலும் உணர்ச்சிப் பேச்சு மிகுந்திருக்கிறது. வலசைப் பாதையில் எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு பறவைகள் கடக்கின்றன என்ற தரவு இல்லாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டோம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. எழுத்து மூலமான அறிக்கைகள் மட்டும் ஆங்கிலத்தில் முதலில் வந்து, தமிழில் தாமதமாக வருகின்றன. கூட்டம் முடிந்த பின்னர் தமிழ் அறிக்கையை வாசித்து மீனவர் சங்கத்தினர் என்ன செய்வது?

பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை சொல்ல இடமில்லை. செல்லும் இடத்தின் கிராம அலுவலருக்கும், கடற்கரையாயின் அருகிலுள்ள கடற்படை முகாமுக்கும், முன்கூட்டியே கடிதம் போய்விடுகிறது. பெரிய வில்லை பூட்டிய கமராவுடன் தனியாக நின்று விளக்கம் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் கடிதம் ஒன்றே சந்தாவுக்கு ஈடாகும். வெடிபொருள் அபாய அறிவித்தல் உள்ள பகுதிகளில் நடந்து பழகிய பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது. காட்டோரக் குளங்களில் யானை நடமாட்டத்தைக் கேட்டறிந்த பின்னரே இறங்குகிறார்கள். பெண் உறுப்பினர்கள் குறைவு. விடியற்காலையில் புறப்படும் இடத்துக்கு வந்து சேர வாகன ஒழுங்கு இல்லாததே அதற்குக் காரணம் என்று அவர்களே சொல்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் வருபவர்களுக்கும் இதே சிரமம் உண்டு.

படம் எடுப்பது மட்டுமே நோக்கமென்றால் இந்தக் கழகம் உங்களைச் சலிப்படையச் செய்யும்; எண்ணும் நாள்களில் கமராவைப் பையிலிருந்து எடுக்கவே நேரம் கிடைக்காது. மற்றவர்கள் தாராளமாகச் சேரலாம். சேர்வதாயின் ஐப்பசிக்கு முன்னர் சேருங்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் நடக்கும் எண்ணும் பயிற்சிக்கு வராதவர்களுக்குத் தையில் படிவம் தருவதில்லை. பிறர் எண்ணிச் சொல்லக் கேட்டு எழுதும் வேலையே கிடைக்கும்.