கடலோரமா, மேட்டு ஊரா? கோஸ்டா ரிக்காவில் மூன்று மாதக் குளிர்கால வாசம்

போன வாரம் ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, வர்ற ஜனவரிக்கு நாங்களும் கோஸ்டா ரிக்கா போகலாம்னு இருக்கோம். கடலோரமா வீடு எடுக்கவா, நீங்க இருக்கிற மாதிரி மேல எடுக்கவா?" ஒரு மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கனடாவில், டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருக்கும் நானும் அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று குளிர்காலங்களை மத்திய அமெரிக்காவில் இருக்கும் அந்த நாட்டில் கழித்திருக்கிறோம். முதல் வருடம் பசிபிக் கரையில், நிகோயா தீபகற்பத்தில் உள்ள சாமரா. அடுத்த இரண்டு வருடமும் நடுப்பள்ளத்தாக்கில் உள்ள கிரேசியா என்ற சிறிய ஊர். சுமார் 1000 மீட்டர் உயரம். நான் கிரேசியா கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கத்தில் மழை அநேகமாக இல்லை. நமக்குக் குளிர்காலமான இந்த மாதங்களை அவர்கள் 'வெரானோ', அதாவது கோடை என்கிறார்கள். கனடா பாஸ்போர்ட்டுக்கு 2023 செப்டம்பருக்குப் பிறகு 180 நாள் வரை தங்க முத்திரை தருகிறார்கள். முன்பு 90 நாள்தான். திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், கையில் வைத்திருங்கள். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவின் மருத்துவக் காப்பீடு விட்டுப்போகாமல் இருக்க, எந்தப் 12 மாதக் கணக்கிலும் மாகாணத்துக்கு வெளியே 212 நாளைத் தாண்டக் கூடாது. பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் டொராண்டோவை விட நேரம் ஒரு மணிதான் பின்னால், அதனால் தூக்கம் கெடாது. பிளக் கூட அதே பிளக்தான்.

சரி, சாமரா. அழகில் அதற்குக் குறையே சொல்ல முடியாது. பிறை வடிவ விரிகுடா. எதிரே பவளப்பாறை இருப்பதால் பெரிய அலைகள் அங்கேயே உடைந்துவிடும். முட்டிவலிக்காரர்கள் கூடப் பயமில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். விடிவதற்கு முன்பே ஹவுலர் குரங்குகள் தொடங்கிவிடும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் ஏதோ பெரிய மிருகம் வந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தோம். ஐந்தரைக்குக் கிளம்பினால் கரையோரமாக ஒரு மணி நேர நடை. கடை, ரொட்டிக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் நடந்து போகிற தூரம்தான். ஜனவரி முழுவதும், வாழ்ந்தால் இங்கேதான் வாழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மாதத்தில் வடகிழக்கிலிருந்து காற்று பலமாக வீசும். வெயில் இருந்தாலும் உடம்பு தாங்கும்.

பிப்ரவரி நடுவில் காற்று தணிந்தது. அதன்பிறகு பகலில் 34, 35 டிகிரி. இரவிலும் 24-க்குக் கீழே போகவில்லை. எங்கள் வீட்டுக்குத் துத்தநாகத் தகடு போட்ட கூரை, கீழே மெல்லிய பலகை மச்சு. பத்து மணிக்கு மேல் அந்தக் கூரை வெப்பத்தைக் கீழே இறக்கத் தொடங்கும், இரவு பத்து வரை இறக்கிக்கொண்டே இருக்கும். சென்னையில் வளர்ந்தவள்தான் நான். ஆனால் முப்பது வருடம் கனடாவில் இருந்த உடம்பு அதை மறந்துவிட்டது. அவருக்கோ ரத்த அழுத்த மாத்திரை. அந்த வெயிலில் தலைசுற்றல் வர ஆரம்பித்தது.

என்ன செய்வோம்? ஜன்னல்களை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். காலை பத்து முதல் மாலை நாலு வரை உள்ளேதான். ஒரு மத்தியானம் அவர் சொன்னார்: "மிசிசாகால குளிருக்குக் கதவைச் சாத்தினோம். இங்க வெயிலுக்குச் சாத்தறோம். இதுக்கா அஞ்சரை மணி நேரம் பறந்து வந்தோம்?" எனக்கு அந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்துவிட்டது. நாங்கள் குளிருக்குப் பயந்து மட்டும் கிளம்பவில்லை. நாலு மாதம் ஜன்னலே திறக்காத வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் கிளம்பினோம். கதவு திறந்திருக்க வேண்டும், வாசலில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், தெருவில் போகிறவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும். அதைத்தான் அந்த வெயில் பறித்துக்கொண்டது.

அடுத்தது மின்சாரம். அங்கேயும் நம் ஊர் மாதிரி படிக்கட்டு விகிதம்தான். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். சும்மா ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்கு என்றால் ஒன்றும் தெரியாது. இரவு முழுக்க ஏசி ஓடினால் மேல் படிக்குப் போய்விடும். எங்கள் மார்ச் பில் 170 அமெரிக்க டாலரைத் தாண்டியது. வாடகையில் எல்லாம் அடக்கம் என்று பேசியிருந்த வீட்டுக்காரர், கிளம்பும் நாளில் ஏசிக்குத் தனிக் கணக்கு என்று பில்லை நீட்டினார். வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிட்டு வந்தோம். நீங்கள் கடலோர வீடு பேசும்போது 'மின்சாரம் எத்தனை யூனிட் வரை அடக்கம்' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தண்ணீரையும் கேளுங்கள். சாமரா இருக்கும் குவானகாஸ்டே மாகாணம் நாட்டிலேயே வறண்ட பகுதி. கோடை முற்றும்போது குழாயில் தண்ணீர் சில மணி நேரம் நிற்பது அங்கே சகஜம். கூரைமேல் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கிரேசியா. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். உடம்பில் உணர்ந்தது அங்கேதான். மார்ச் உச்சிவெயிலில் 28. விடிகாலையில் 17, 18. நாங்கள் எடுத்த வீட்டில் ஏசி இல்லை, ஹீட்டரும் இல்லை. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. ஷவர் முனையில் ஒரு சின்ன மின்சாரச் சூடேற்றி மட்டும் இருந்தது. இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து, மெல்லிய போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினோம். அவருக்குத் தலைசுற்றல் ஒரு நாள் கூட வரவில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வாசல் கதவு திறந்தே கிடந்தது.

ஊர் நடுவில் செக்கச் சிவந்த மாதா கோயில். முழுக்க இரும்புத் தகடு, பெல்ஜியத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. முன்னால் பூங்கா, சாயங்காலமானால் ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும். வாரம் ஒருமுறை விவசாயிகள் சந்தை கூடும். அதற்கு 'ஃபேரியா' என்று பெயர். அங்கேதான் சமையல் கவலை எனக்குத் தீர்ந்தது. நம் சௌசௌவுக்குத் தாய்வீடே இந்தப் பக்கம்தான். சயோட்டே என்று குவித்து வைத்திருப்பார்கள். மரவள்ளி, வாழைக்காய், பப்பாளி, கொத்தமல்லி எல்லாம் கிடைத்தது. கறிவேப்பிலையும் பருப்பும் மட்டும் பெட்டியில் கொண்டுபோனேன். துணி வடிகட்டியில் மரச்சட்டத்தில் தொங்கவிட்டு இறக்கும் காபியை எதிர்வீட்டு அம்மா எனக்குப் பழக்கிவிட்டார். நம் வீட்டு டிகாக்‌ஷனுக்கு அது தூரத்து உறவு.

குறை இல்லாமல் இல்லை. ஜனவரியில் கரும்பு வெட்டு தொடங்கும். தோகையை எரிக்கும் நாட்களில் கரித்துகள் பறந்து வந்து கொடியில் காயும் வேட்டியில் விழும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் காற்று தகரத்தை இரவெல்லாம் தட்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சாமரா அளவுக்கு இல்லை, அதனால் கொஞ்சம் ஸ்பானிஷ் படிக்காமல் முடியாது. கடல் வேண்டுமென்றால் பஸ் மாறி, அரை நாளை ஒதுக்கித்தான் போக வேண்டும். எனக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை மேட்டு ஊர்தான் வசதி. கிரேசியாவிலேயே அரசு மருத்துவமனை உண்டு. சான் ஹோசேயின் பெரிய தனியார் மருத்துவமனைகளும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, விமான நிலையமும் அந்த வழியில்தான். சாமராவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் நிகோயா ஊருக்குப் போக வேண்டும், முப்பது கிலோமீட்டருக்கு மேல். கடவுள் புண்ணியத்தில் எங்களுக்கு இரண்டு இடத்திலும் தேவைப்படவில்லை. அதனால் இதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறேன், பட்டறிந்து அல்ல. வாடகை எங்களுக்குக் கிரேசியாவில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக அமைந்தது. அது எங்கள் இரண்டு வீடுகளின் கணக்கு மட்டும்.

பனாமாவின் பொகேட்டேயையும் ஓரகத்தி கேட்டாள். 1200 மீட்டர், காபித் தோட்டம், அமெரிக்க டாலரிலேயே செலவு செய்யலாம். ஜனவரியில் ஒரு வாரம் இருந்தோம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்றோடு வரும் சாரல் நாலு நாள் விடவில்லை. ஒரு வாரத்தை வைத்து ஊரைத் தள்ளக் கூடாது. ஆனால் ஸ்வெட்டர் போடுவதற்கு நான் கனடாவை விட்டுக் கிளம்ப மாட்டேன்.

பேரப்பிள்ளைகளோடு இரண்டு மூன்று வாரம் போகிறவர்கள் யோசிக்காமல் சாமரா போகலாம், அதுவும் ஜனவரியில். தினமும் கடலில் இறங்காமல் இருக்க முடியாது என்பவர்களும் அப்படியே. கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பு வேண்டுமென்றால் கிரேசியாவுக்குக் கீழே, 700 மீட்டர் உயரத்தில் அதேனாஸ் இருக்கிறது.

ஓரகத்திக்கு எதிர்வீட்டு அம்மாவின் தங்கை வீட்டைப் பேசி வைத்திருக்கிறேன், ஜனவரி 4 முதல். முதல் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு, அந்த வடகிழக்குக் காற்று இருக்கும்போதே நாலு பேருமாகச் சாமராவுக்கு ஒரு வாரம் போய்வரலாம் என்று திட்டம். அந்த வீட்டில் ஏசி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கூரைத் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.