சான் ஹொசேயில் எந்தச் சந்தை: சென்ட்ராலா, போர்போனா?

கோஸ்ட்டாரிகாவின் தலைநகரில் சந்தை பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று 1880-இல் தொடங்கிய மெர்க்காதோ சென்ட்ரால். இன்னொன்று, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் மெர்க்காதோ போர்போன். நான் இரண்டுக்கும் போனேன். என் ஓட்டு சென்ட்ராலுக்கு.

விலை மட்டும்தான் கணக்கு என்றால் போர்போன் போதும். அது காய்கறி, பழச் சந்தை. உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகும் இடம். நம்மூர் சௌசௌவும் மரவள்ளியும் அங்கே குவிந்து கிடக்கும். வாங்கலாம், சரி. ஆனால் விடுதி அறையில் சௌசௌவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கேள்விதான்: தங்கியிருக்கும் இடத்தில் அடுப்பு இருக்கிறதா? எனக்கு இல்லை. அடுப்பு இல்லாதவருக்குச் சந்தை என்றால் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். சென்ட்ரால் அதைத் தாராளமாகவே தருகிறது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். அவற்றின் நடுவே 'சோடா' என்று அழைக்கப்படும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். உயரமான முக்காலியில் உட்கார்ந்து 'கசாதோ' கேட்டால், சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த வாழைப்பழம், சாலட், கூடவே மீனோ கோழியோ எல்லாம் ஒரே தட்டில் வரும். சைவம் சாப்பிடுபவர்கள் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

சாப்பிட்டு முடித்ததும் நேரே லோலோ மோராவின் ஐஸ்கிரீம் கடைக்குப் போங்கள். 1901-இலிருந்து நடக்கிறது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், வெனிலா மணக்கும் அந்த மஞ்சள் ஐஸ்கிரீம்தான் கடையின் பெயரையே நிலைநிறுத்தியது. முதல் கரண்டியில் ஏதோ பாயசம் உறைந்துபோன மாதிரி இருந்தது. கிண்ணம் காலியானபோது இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூலிகைக் கடைகளும் இங்கேதான்: தலைக்கு மேல் காய்ந்த கட்டுகள் தொங்கும். காப்பிக் கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். அதை வடிக்க மரச்சட்டத்தில் துணிப்பை தொங்கும் 'சொரேயாதோர்' வாங்கலாம். பெட்டியில் அதிகம் இடம் பிடிக்காது.

போர்போனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் அங்கே ஒரு காலைப் பொழுதுதான் இருந்தேன், அதிலும் பழக்கடைகள் பக்கமே நின்றுவிட்டேன். ரம்புத்தானை அங்கே 'மாமோன் சீனோ' என்பார்கள். பருவத்தில் போனால் பை நிறைய வாங்கலாம், அதற்கு அடுப்பு தேவையில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். சென்ட்ராலின் நெரிசலிலும் அப்படித்தான். மற்றபடி சென்ட்ரால் சந்தை நடைபாதைக் கடைவீதியான அவெனிதா சென்ட்ராலிலேயே இருக்கிறது. பகலில் போய் வருவது எளிது.

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ராலில் பொதுவாக விடுமுறை. வார நாளில், பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு முன்னால் போய் முக்காலியைப் பிடித்துவிடுங்கள். கையில் உள்ளூர்ப் பணமான கொலோன் சில்லறையாக இருக்கட்டும்.