மஞ்சள் கம்பியா, எச்டிஎம்ஐயா? கேபிள் பாக்ஸைக் கம்ப்யூட்டரில் மாட்ட எந்த வழி சரி

போன பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஊர்த் தேரோட்டத்தை உள்ளூர் கேபிள் சேனலில் காலையிலிருந்தே நேரலையாகக் காட்டினார்கள். துபாயில் இருக்கும் அக்கா மூன்று நாள் முன்பே போனில் சொல்லிவிட்டாள்: "நிலையிலேர்ந்து கிளம்பி மறுபடி நிலைக்கு வர்ற வரைக்கும் ஒண்ணு விடாம பதிவு பண்ணி வை." அந்தச் சேனலுக்கு யூடியூப் பக்கம் கிடையாது. செட்டாப் பாக்ஸில் வருவதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தால்தான் உண்டு. அதற்காக இரண்டு நாள் கம்பிகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும், பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் மாட்டிக் கொடுத்தபோது பார்த்ததையும் சேர்த்துத்தான் இந்த ஒப்பீடு.

எல்லோரும் முதலில் செய்வது ஒன்று உண்டு. பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறது, லேப்டாப்பின் பக்கவாட்டிலும் அதே ஓட்டை இருக்கிறது, ஒரு கேபிளை வாங்கி இரண்டையும் இணைத்துவிடுகிறார்கள். படம் வராது. லேப்டாப்பில் இருப்பது படத்தை வெளியே அனுப்பும் வாசல். பாக்ஸில் இருப்பதும் அதேதான். இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தால் வாங்கிக்கொள்வது யார்? டெஸ்க்டாப்பின் கிராபிக்ஸ் கார்டும் இப்படித்தான். சில ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்களில் மட்டும் படத்தை உள்ளே வாங்கும் எச்டிஎம்ஐ ஓட்டை தனியாக இருக்கும், அதன் மேலேயே அப்படி எழுதியிருக்கும். மற்றவர்கள் நடுவில் ஒரு கருவி வைத்தே ஆக வேண்டும்.

கருவி வாங்கக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். பார்த்தால் போதுமா, பதிவும் செய்ய வேண்டுமா?

பார்த்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு

இவர்களுக்குக் கம்ப்யூட்டரே தேவையில்லை. மானிட்டர் போதும். மானிட்டரில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் பாக்ஸிலிருந்து நேராகக் கேபிளைப் போடுங்கள். கம்ப்யூட்டருக்கு வேறு ஓட்டை ஒதுக்கிவிட்டு, மானிட்டரின் கீழே உள்ள பட்டனை அழுத்தி இதற்கும் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம். படம் தெளிவாக இருக்கும், தாமதம் இருக்காது, பிராசஸருக்கும் வேலை வராது. விடுதி அறையில் தங்கியிருக்கும் பையன்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

இதில் தொல்லை கொடுப்பது சத்தம். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. பாக்ஸின் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து 3.5 மிமீ பின்னுக்கு வரும் ஒரு கம்பியைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் செருகினால் தீர்ந்தது. மானிட்டர் பழையது, விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் உண்டு. ஆனால் பாக்ஸ் பூட்டுப் போட்டு அனுப்பும் படம் பல கன்வெர்ட்டர்களில் வராது. அந்தப் பூட்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஏவியை, அதாவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் வருவதை, விஜிஏவாக மாற்றும் சின்னப் பெட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. படம் கொஞ்சம் மங்கல்தான்.

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்

பதிவு செய்ய வேண்டும், அல்லது வேலை பார்த்துக்கொண்டே திரையின் ஓரத்தில் சின்ன ஜன்னலில் கிரிக்கெட் ஓட வேண்டும் என்றால், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும் கேப்சர் கருவி வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மூணு கலர் வயரை (மஞ்சளில் படம், சிவப்பு, வெள்ளையில் சத்தம்) வாங்கி யுஎஸ்பியாகக் கொடுப்பது. ஈசிகேப் என்ற பெயரில் பல வருடமாக விற்கிறது. இன்னொன்று, எச்டிஎம்ஐயை வாங்கி யுஎஸ்பியாகக் கொடுப்பது. இரண்டும் கட்டைவிரல் அளவுதான்.

காகிதத்தில் பார்த்தால் எச்டிஎம்ஐதான் ஜெயிக்க வேண்டும். மஞ்சள் கம்பியில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் வருகின்றன. கருவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது ஓரங்களில் நிறம் வழியும். செய்திச் சேனலின் கீழே ஓடும் சிவப்பு எழுத்துகளை உற்றுப் பார்த்தால் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் தெரியும். அளவும் 720 × 576 தான். எச்டிஎம்ஐயில் 1920 × 1080 முழுசாக வரும், கலப்படம் கிடையாது.

நானும் அப்படி நம்பித்தான் எச்டிஎம்ஐ வகையை முதலில் வாங்கினேன். "எச்டியில ரெக்கார்ட் ஆகும், கியாரண்டி" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வீட்டில் மாட்டினால் பாக்ஸின் லோகோகூட வரவில்லை. முழுக் கருப்பு. கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி ஓட்டையை மாற்றினேன், விண்டோஸைத் திரும்ப ஏற்றலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். கருவியில் பழுதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கேமராவை அதில் மாட்டினால் படம் பளிச்சென்று வந்தது.

காரணம் எச்டிசிபி என்ற பூட்டு. எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை அனுப்பும் முன் பாக்ஸ் எதிரே இருப்பதிடம் அடையாளம் கேட்கும். டிவியும் மானிட்டரும் உரிய சாவியைக் காட்டும். கேப்சர் கருவி காட்டாது. பாக்ஸும் படத்தை விடாது. எச்டி பாக்ஸ்கள் பலவற்றில் இந்தப் பூட்டு எந்நேரமும் போட்டே இருக்கும், கட்டணச் சேனல், இலவசச் சேனல் என்ற வித்தியாசமெல்லாம் பார்க்காது. நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்தால் பூட்டு கழன்றுவிடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படிப் பூட்டை உடைப்பதற்கென்றே 65ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

எச்டிஎம்ஐ கருவியின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் '4கே' பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் அர்த்தம். கம்ப்யூட்டருக்குத் தருவது அதிகபட்சம் 1080. யுஎஸ்பி 2.0இன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 1080 படத்தை விநாடிக்கு 30 பிரேம் வீதம் சுருக்காமல் அனுப்ப ஏறக்குறைய 1000 மெகாபிட் வேண்டும். அதனால் இந்த மலிவு கருவிகள் ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படம்போலச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. மஞ்சள் கம்பியின் 720 × 576க்கு, விநாடிக்கு 25 பிரேம், 166 மெகாபிட் போதும். சுருக்காமலே யுஎஸ்பியில் அடங்கிவிடும்.

இன்னொன்று, எங்கள் உள்ளூர் சேனல் எஸ்டியில்தான், அதாவது 576 வரி கொண்ட சாதாரணத் தரத்தில்தான் வருகிறது. பாக்ஸில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறது என்பதற்காக உள்ளே வரும் சேனல் எச்டி ஆகிவிடாது. 576 வரிப் படத்தைப் பாக்ஸ் இழுத்துப் பெரிதாக்கி அனுப்பும், அவ்வளவுதான். எஸ்டி பேக் கட்டியிருக்கும் வீடுகளில் மஞ்சள் கம்பிக்கும் எச்டிஎம்ஐக்கும் உள்ள வித்தியாசம் அட்டையில் போட்டிருக்கும் எண்கள் அளவுக்குப் பெரியதல்ல.

ஆகவே பதிவுக்கு நான் கைகாட்டுவது மஞ்சள் கம்பியைத்தான். அதில் அந்தப் பூட்டு கிடையாது. உங்கள் பாக்ஸின் எச்டிஎம்ஐயில் பூட்டில்லை என்பதை நண்பரின் கருவியை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டால் மட்டும் எச்டிஎம்ஐ வகையை வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் பாக்ஸையே பையில் போட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். கேபிள் இணைப்பு இல்லாவிட்டாலும் பாக்ஸின் மெனு திரையில் வருகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

மஞ்சள் கம்பியில் கை வைத்தால் வரும் சங்கடங்கள்

புதிய சின்னப் பாக்ஸ்களில் மூன்று தனித் துளைகள் இருப்பதில்லை. ஹெட்போன் துளைபோல ஒன்றே ஒன்று இருக்கும். அதற்குப் பாக்ஸோடு தந்த கம்பியே சரி. வேறு கம்பியைப் போட்டால் பின்னில் உள்ள வளையங்களின் வரிசை மாறிவிடுகிறது, படம் சத்தக் கம்பியில் போய்விடுகிறது. திரையில் ஒன்றும் வராமல் ஸ்பீக்கரில் மட்டும் 'டர்ர்' என்று ஒரே இரைச்சலாக வந்தால் மஞ்சளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிவப்பைச் செருகிப் பாருங்கள். ஒரு வீட்டில் அரை மணி நேரம் தேடிய பிறகு படம் சிவப்புக் கம்பியில்தான் இருந்தது.

படம் கருப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருண்டால் பயப்பட வேண்டாம். பதிவு செய்யப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் கருவியின் வீடியோ அமைப்பைத் திறந்தால் என்டிஎஸ்சி என்று இருக்கும். அது அமெரிக்க முறை. நம் நாட்டு முறையான பிஏஎல்லுக்கு மாற்றினால் நிறம் வந்து படம் நின்றுவிடும். அடுத்து, வேகமாக அசையும் இடங்களில் சீப்பின் பல் மாதிரிக் கோடு கோடாகத் தெரியும். படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதால் இது நேர்கிறது. ஓபிஎஸ்ஸின் பட்டியலில் இந்தக் கருவியின் பெயர் மேல் வலது கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கை இயக்கினால் போகும். விஎல்சியில் பார்ப்பவர்கள் 'டி' (D) விசையை அழுத்தினால் போதும். மனிதர்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிந்தால் அளவை 4:3க்கு 768 × 576 என்றும், அகலத் திரைக்கு 1024 × 576 என்றும் வையுங்கள்.

பதிவைச் சாதாரண எம்பி4இல் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த ஃபைல் திறக்காது. எம்கேவியில் செய்தால் கரண்ட் போன நொடி வரைக்கும் ஆனது பத்திரமாக இருக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4ஆக மாற்றிக்கொள்ளலாம்.

படத்தின் குறுக்கே மங்கலான பட்டை ஒன்று மெதுவாக ஏறி இறங்கினால், அல்லது கம்பியைத் தொடும்போது சுருக்கென்று இருந்தால், மின் தரையிணைப்பில் கோளாறு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பட்டை மறைந்துவிட்டால் அதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கும் முன்பே பாக்ஸில் வரும் கேபிள் வயரைக் கழற்றிவிடுங்கள். மின்னலால் கம்பத்திலிருந்து கம்பி வழியே பாயும் மின்சாரம் முன்பெல்லாம் பாக்ஸை மட்டும் கெடுக்கும். இப்போது பாக்ஸோடு கம்ப்யூட்டரும் அதே கம்பியில் தொங்குகிறது.

மற்ற வழிகள்

ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் டிவி ட்யூனர் கார்டு வாங்கினால் கேபிள் வயரை நேராக அதிலேயே செருகலாம், பாக்ஸ் வேண்டியதில்லை. 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012இல் நான்கு பெருநகரங்களில் டிஜிட்டல் மாற்றத்தைத் தொடங்கினார்கள். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017இல் கிடைத்தது. அனலாக் சிக்னல் போனதும் அந்தக் கார்டின் முக்கிய வேலையும் போய்விட்டது. ஆனால் பழைய கார்டு வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பலவற்றில் மஞ்சள் துளையும் உண்டு, பாக்ஸை அதில் மாட்டலாம். தற்போதைய விண்டோஸுக்கு டிரைவர் கிடைப்பது கஷ்டம், லினக்ஸில் பல கார்டுகள் இன்றும் ஓடும்.

டிஜிட்டல் கேபிளுக்கான யுஎஸ்பி ட்யூனர் வாங்கினால் பாக்ஸே வேண்டாமே என்று கேட்பார்கள். சிக்னல் கிடைக்கும், சேனல் பெயர்களும் வரிசையாக வரும். திறக்கும் சாவி பாக்ஸுக்குள் இருப்பதால் படம் வராது. காசு வீண்.

பெரிய சேனல்கள் மட்டும் போதும் என்றால் அவற்றின் செயலிகளையே கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம். கம்பியே வேண்டாம். உள்ளூர் சேனல் பார்ப்பவருக்கு அது உதவாது.

எந்த வழியிலும் சேனல் மாற்றப் பாக்ஸின் ரிமோட்தான். மவுஸ் கிளிக்கில் மாறாது. ஒரு நேரத்தில் ஒரே சேனல், பதிவாகும்போது வேறு சேனல் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் தேர் அன்று ரிமோட்டை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன்.

தெரிந்த ஒருவர் கொடுத்த ஈசிகேப்பில் காலை 7 மணிக்குப் பதிவைத் தொடங்கினேன். விநாடிக்கு 2500 கிலோபிட் வைத்ததில் ஒரு மணி நேரத்துக்கு 1.2 ஜிபி ஆனது. பன்னிரண்டரைக்குத் தேர் நிலைக்கு வந்து நிறுத்தியபோது ஆறரை ஜிபி. இரண்டு இடத்தில் படத்தின் மேல் நீளமாக ஓர் எண் பளிச்சிட்டு மறைந்தது. அது எங்கள் பாக்ஸின் அடையாள எண். பதிவு எந்த வீட்டிலிருந்து வெளியே போனது என்று கண்டுபிடிக்க விதிப்படி கேபிள்காரர்கள் காட்டுவது. அதனால் சேனல் நடத்தும் அண்ணனிடம் போய், "அக்காவுக்கு மட்டும் அனுப்பிக்கிறேண்ணா" என்று கேட்டேன். "தாராளமா அனுப்பு, தெற்கு வீதி திரும்புற இடத்துல நம்ம கேமரா நல்லா நின்னுருக்கும், அதை விட்ராத" என்றார்.

அக்கா அந்த இடத்தைத்தான் மூன்று தடவை பார்த்தாளாம். தெற்கு வீதியில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணை அரை நொடி தெரிகிறது. 576 வரியில்தான், ஆனால் திண்ணைத் தூணில் அப்பா அடித்த பச்சை பெயின்ட்டை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.