புகையாத அடுப்புதான், சுள்ளி ஒடிக்கத் தெரிந்தால்

நடைபயணத்தில் சமைக்கவென்று வாங்கிய சின்ன விறகு அடுப்பு இது. முதல் நாள் இதைப் பற்றவைத்தபோது திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். புகை என்றால் அப்படி ஒரு புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை. பெட்டியின் மேல் 'புகையே வராது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது வேறு எரிச்சலைக் கிளப்பியது. எட்டு மாதம் ஆகிவிட்டது, அடுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குப் புகைந்ததில் முக்கால்வாசி என் தப்பு.

பார்க்க ஒரு பெரிய டம்ளர் மாதிரி இருக்கும். துருப்பிடிக்காத எஃகு, எடை 400 கிராம் சொச்சம், சுவர் மட்டும் இரட்டைச் சுவர். உள்ளே அடியில் ஒரு சல்லடைத் தட்டு, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். விஷயமெல்லாம் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. விறகு சூடேறும்போது அதன் பெரும்பகுதி வாயுவாகப் பிரிந்து மேலே வருகிறது, அது எரியாமல் தப்பித்துப் போனால் அதைத்தான் புகை என்று திட்டுகிறோம். இந்த அடுப்பில் இரண்டு சுவருக்கும் நடுவே ஏறி வரும் காற்று வழியிலேயே சூடாகி, மேல் துளைகள் வழியாக உள்ளே பாய்கிறது, தப்பிக்கப் பார்க்கும் வாயு அங்கேயே பற்றிக்கொள்கிறது. சரியாகப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு தீ நாக்கு நடுவை நோக்கி நீளும், காஸ் பர்னரைத் திருப்பி வைத்த மாதிரி. இருட்டில் அதைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தை ஏற்ற மறந்த நாளும் உண்டு.

சரி, என் தப்பு என்ன? விளிம்பு வரை விறகை அடைத்துவிட்டு, கீழே தீ வைத்தேன். துளைகள் மூடிப்போயின, அப்புறம் எங்கே காற்று வரும்? துளைகளுக்கு ஒரு விரற்கடை கீழேயே விறகை நிறுத்திவிட்டு, அதன் மேல் சிராயும் காய்ந்த பட்டையும் போட்டு, மேலிருந்து பற்றவைக்க வேண்டும். தீ மெல்லக் கீழே இறங்கும், கீழிருந்து எழும் வாயு அந்தத் தீயைத் தாண்டித்தான் வெளியே போயாக வேண்டும். இத்தனை முக்கியமான சங்கதி குறிப்புத் தாளில் பொடி எழுத்தில் ஒரே வரி.

அடுத்தது சுள்ளி. நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும், பச்சை மரத்தில் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர்தான். அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம், ஒடித்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் எடுங்கள், வளைந்து நார் நாராகக் கிழிந்தால் தூக்கிப் போடுங்கள். தரையோடு கிடப்பதைவிட, காய்ந்து விழுந்து வேறு கிளையில் சிக்கித் தொங்கும் குச்சி மேல். சுண்டுவிரல் பருமன், விரல் நீளம், அதுதான் கணக்கு. அதைவிடத் தடியாகப் போட்டால் தீ எடுக்காமல் கனன்றுகொண்டே கிடக்கும், ரொம்பவும் மெல்லிசாகப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் சாம்பல்.

ஒரு தடவை தராசில் நிறுத்தே பார்த்தேன். காற்று அடங்கிய மாலையில் 1 லிட்டர் தண்ணீர் கொதிக்க 120 கிராம் சுள்ளியும் 9 நிமிடமும் ஆனது. காற்று வீசிய இன்னொரு நாள் அதே தண்ணீருக்கு 17 நிமிடம், சுள்ளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மறைப்புத் தகடு ஒன்று கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். காஸ் குப்பியில் இருப்பது கிராமுக்குக் கிராம் விறகைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு தரும், ஆனால் அதை முதுகில் சுமக்க வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

தண்ணீர் கொதிக்க வைக்க அருமையான அடுப்பு. நிதானமாக வேக வேண்டியதற்கு இது சரிப்படாது. தீயைக் குறைக்கக் குமிழ் கிடையாது, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுள்ளி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. சுவாலை அடங்கித் தணல் மட்டும் மிஞ்சும் நேரத்தில் மெல்ல வதக்கலாம், அதுவும் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

இனி நிஜமான புகார். பாத்திரம் தாங்கும் மூன்று கால்களில் ஒன்று மூன்றாவது பயணத்திலேயே வளைந்துவிட்டது. 2 லிட்டர் பாத்திரம் அப்படியே சாய்ந்து, பாதித் தண்ணீர் அடுப்புக்குள், மீதி என் செருப்பில். விற்றவர்களுக்கு எழுதினேன். 'அதிகச் சூட்டில் பயன்படுத்தியிருக்கலாம்' என்று பதில் வந்தது. அடுப்பைச் சூடில்லாமல் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பாத்திரம் கரி பிடிக்கும், அது தப்பாது. ஏற்றுவதற்கு முன் வெளிப்புறம் மட்டும் சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவும்போது கரி வழுக்கிக்கொண்டு போகும். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், வாசலைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். சுவாலை அணைந்த பிறகும் தணல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கோடையில் பல காடுகளில் விறகுத் தீயே கூடாது என்று தடை இருக்கும், அடுப்புக்குள்தானே எரிக்கிறேன் என்ற வாதம் அங்கே செல்லாது. அடிப்பாகமும் நன்றாகச் சுடும் என்பதால் காய்ந்த புல்மேல் வைக்காமல் தட்டையான கல்லின்மேல் வைக்கலாம், ஆனால் ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த ஈரக் கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து பேருக்குச் சமைக்கப் போகிறவர்களுக்கு இது சரிவராது. ஒருவர், இருவர் நடந்து போகிற பயணம் என்றால் தாராளமாக வாங்கலாம். நான் இப்போது இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு, நடக்கும் வழியிலேயே சுள்ளி பொறுக்கிவிடுகிறேன், இடம் வந்து சேர்வதற்குள் இரண்டு வேளைக்குத் தேறிவிடும். வளைந்த காலைக் கல்லால் தட்டி நிமிர்த்தியிருக்கிறேன். 1 லிட்டருக்கு மேல் அதில் ஏற்றுவதில்லை.