குன்னூர் வீட்டில் ஸ்பா மழை: ஜிடிஆர் 2-உடன் ஐந்து ஆண்டுகள்

ஜிடிஆர் 2 என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டின் குறுந்தகட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேமரா லென்ஸில்கூடப் பூஞ்சை பூக்கும் குன்னூர் ஈரத்தில், துணி சுற்றி டப்பாவில் போட்டுக் காப்பாற்றிய தகடு அது. தகடு பிழைத்தது; கணினியை மாற்றியதும் விளையாட்டு ஓடவில்லை. நகலெடுப்பதைத் தடுக்க அக்காலத் தகடுகளில் வைத்த பூட்டுகள் பலவற்றைப் புதிய இயங்குதளங்கள் ஏற்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கே கதவடைப்பு. அதனால் டிஜிட்டல் கடையில் இதே விளையாட்டைப் பார்த்ததும் இரண்டாம் முறையும் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று இரவாவது ஓட்டுகிறேன். ஐப்பசி மழையில் இணையம் அறுந்தாலும் தனியாக ஓட்ட முடிகிறது.

2006-ல் வெளிவந்த, சிம்பின் நிறுவனத்தின் விளையாட்டு இது. எஃப்ஐஏ ஜிடி என்ற நிஜக் கார்ப் பந்தயத் தொடரின் 2003, 2004 பருவங்களின் கார்களும் தடங்களும் இதில் இருக்கின்றன. படத்தின் தரத்தில் வயது தெரிகிறது. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவை போல நிற்கும். ஆனால் டயர் தரையைப் பிடிப்பதும் விடுவதும் கிழடாகவில்லை.

பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 7 கிலோமீட்டர். மழை விட்ட பிறகு, கார்கள் திரும்பத் திரும்பப் போகும் கோடு மட்டும் முதலில் உலரும். அதைவிட்டு ஒரு சக்கரம் வெளியே போனாலும் பின்பக்கம் வழுக்கும். மழை டயரை எப்போது கழற்றுவது என்ற யோசனையிலேயே பாதிப் பந்தயம் போய்விடும். டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வந்தால் ஒவ்வொரு டயருக்கும் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என மூன்று வெப்ப அளவுகள். நடுப்பகுதி மட்டும் அதிகம் சூடாக இருந்தால் காற்று கூடுதல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த அன்று தூக்கம் வரவில்லை.

என் சித்தப்பா மேட்டுப்பாளையம் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பல ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் கணினியில் மாட்டிய என் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மூன்றாவது வளைவில் முன்சக்கரங்கள் பிடியை விட்டன. கையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசானது. உடனே காலை எடுத்தார். "பர்லியாருக்கு மேலே, மழையில் இப்படித்தான் கை காலியாகும்" என்றார். பிறகு என்னிடம், "நீ வளைவுக்குள் போய் பிரேக் மிதிக்கிறாய் தம்பி. வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடு" என்றார். அவர் சொன்னபடி ஓட்டியதில் என் நேரம் நன்றாகவே குறைந்தது.

குறையும் இருக்கிறது. மறுபடி விற்றவர்கள் பழைய சரக்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். மெனு திரைகள் அகலத்திரையில் இழுபட்டுத் தெரிகின்றன. என் ஸ்டீயரிங்கின் பொத்தான்களை அமைக்க இரண்டு மாலைகள் போயின. 32 பிட் நிரல் என்பதால் வழக்கமாக 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் எடுக்காது. கூடுதல் தடங்களைச் சேர்த்தபோது பாதியில் நின்றது. அந்த வரம்பை 4 ஜிபி ஆக்கும் சிறு கருவியைப் போட்ட பிறகே சரியானது. ரசிகர்கள் சம்பளமில்லாமல் செய்து கொடுப்பதை, விலை வாங்குகிறவர்கள் செய்து தந்திருக்க வேண்டும். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆனாலும் வாங்குங்கள் என்றே சொல்வேன். நிஜக் கார்கள் வரும் விளையாட்டுகளில், அந்தக் கார்களைக் காட்டுவதற்கான உரிமத்துக்குக் கெடு உண்டு. 2018-ல் வந்த ஃபோர்சா ஹொரைசன் 4 கூட 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. பழையது கடையில் கிடைக்கும்போதே எடுத்து, நிறுவிய கோப்புறையைத் தனி வட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பந்தயத்துக்குப் போகாமல், இதிலேயே இருக்கும் ஓட்டுநர் பள்ளியில் ஒவ்வொரு வளைவாகப் பழகுங்கள். நான் அதைத் தாண்டிப் போய்விட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன்.